மேர்க்க மாமி கொடுக்காத சின்னம்

இதை நம் வயதுக்காரர்களுக்குத்தான் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் பாதி விளங்காது. பத்து வயதில் கடித உறையைப் பிரித்துக் கையில் தந்து, "என்ன எழுதியிருக்கு எண்டு சொல்லு" என்று அப்பாமார் கேட்ட பிள்ளைகள் நாங்கள். கொமூன் என்கிற நகரசபை அலுவலகத்திலும் டொக்டரிடமும் பெரியவர்களுக்கு நடுவில் கதிரை போட்டு இருத்தப்பட்டவர்கள். எந்த வரியைச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்பது எங்கள் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் துண்டுத்தாள்களில் அப்பாவின் கையெழுத்தை நானே வைப்பேன். அவர்தான் அப்படிச் சொல்லியிருந்தார். "நீயே வை, எனக்கு வேலைக்கு நேரமாச்சு." முதலில் பென்சிலால் மெல்லக் கீறுவேன், பிறகு அதன் மேல் பேனையால் எழுதுவேன். அப்பாவே பார்த்தாலும் தன்னுடையது என்றுதான் நினைப்பார்.

டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரில் எங்களுக்கு அது மூன்றாவது இலையுதிர்காலம். எனக்குப் பதினொரு வயது. அப்பா மீன் தொழிற்சாலையில் விடிகாலை வேலை, அம்மா மொழிப் பள்ளிக்கூடம். கடலிலிருந்து வரும் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தால் சில நாட்கள் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த டெனிஷ் பெண் ஒரு புதன்கிழமை பின்னேரம் என்னைத் தன்னுடைய சாரணர் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு நான் ஒரு புதன்கிழமையையும் விடவில்லை.

தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். தார் பூசிய கயிறு, நனைந்த கம்பளிச் சட்டைகள், மண்ணெண்ணெய் விளக்கு, கொக்கோ எல்லாம் சேர்ந்த ஒரு மணம் அங்கே இருந்தது. இன்றைக்கும் படகுச் சாமான் விற்கிற கடைக்குள் போனால் அதில் கால்வாசி மணம் வரும். மீதி முக்கால்வாசி எங்கேயும் இல்லை. மழை விட்ட நாட்களில் பின் வளவில் நெருப்பு மூட்டி, குச்சியின் நுனியில் மாவைச் சுற்றி வாட்டி ரொட்டி சுடுவோம். வெளியே கருகி உள்ளே மாவாகவே இருக்கும். அதற்குள் ஜாம் ஊற்றிச் சாப்பிடுவோம். அதைவிட ருசியான ஒன்றை நான் அந்த வயதில் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. எங்கள் குழுத்தலைவி பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை படிப்பிக்கிறவர். வலது கை ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. அந்த விரலாலேயே எல்லாவற்றையும் சுட்டிக் காட்டுவார்.

டெனிஷ் பிள்ளைகளின் சட்டைக் கைகளில் சின்னங்கள் நிறைந்திருக்கும். நீச்சல், முடிச்சு, சமையல், நட்சத்திரம் பார்த்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி வட்டம். அதற்கு டெனிஷில் மேர்க்க என்று பெயர். என் கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கத்தி பிடிக்கத் தெரியும் என்பதற்கு. சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் எல்லாச் சின்னங்களையும் குத்தி வைத்திருந்தார்கள். கீழ் மூலையில் கருநீல வட்டத்துக்குள் மஞ்சளாக ஒரு சுடர். அதை மட்டும் யாருடைய கையிலும் நான் கண்டதில்லை.

தலைவியிடம் கேட்டேன்.

"அது சமயச் சின்னம். அவரவர் தங்கள் சமயத்தைப் பற்றிப் படித்து எடுப்பது," என்றார். "மூன்று வருடமாக ஒருவரும் எடுக்கவில்லை. அதைக் கவனிக்க ஆள் இல்லை."

அந்த ஆள் ஐப்பசியில் கிடைத்தார். அவரைத்தான் நாங்கள் மேர்க்க மாமி என்று கூப்பிட்டோம்.

அவர் ஒரு சலவைத் தொழிற்சாலையில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் சர்ச்சுக்குப் போன வேதக்காரக் குடும்பம், இங்கே தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபை ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். குழுவின் சிறுவர் பிரிவில் இருந்த தன் மகனைக் கூட்டிப்போக வந்து, படிக்கட்டின் கீழே குளிரில் நின்றுகொண்டிருப்பார். ஒருநாள் தலைவி அவரை உள்ளே கூப்பிட்டுக் கொக்கோ கொடுத்து, சமயச் சின்னத்துக்குப் பொறுப்பாக இருக்க முடியுமா என்று கேட்டாராம். சம்பளம் கிடையாது. பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சமயத்தில் ஒரு வழிகாட்டியைத் தேட வேண்டும், ஒரு சிறிய பயிற்சிக் கொப்பியில் உள்ள வேலைகளைச் செய்விக்க வேண்டும், சித்திரையில் நடக்கும் விழாவில் மேடையேறிச் சின்னத்தைக் குத்திவிட வேண்டும். மாமி ஓம் என்று சொல்லிவிட்டார். என்ன கேட்டார்கள் என்று அவருக்கு முழுதாக விளங்கியதோ தெரியாது.

பெற்றோர் கூட்டத்தில் மாமி பேசினார். தாளை நான்காக மடித்து வைத்திருந்தார், விரிப்பு மடிக்கிறவரின் மடிப்பு, விளிம்போடு விளிம்பு சரியாக. எழுந்து நின்று டெனிஷில் வாசித்தார். உங்கள் பிள்ளைகளுக்கு மேர்க்க கொடுக்க வந்திருக்கிறேன் என்பது அவர் சொல்ல நினைத்தது. வாயில் வந்தது மொர்க்க. அதற்கு இருட்டு என்று அர்த்தம். "உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நான் இருட்டைக் கொடுக்க விரும்புகிறேன்" என்று ஒரு மண்டபம் நிறைந்த டெனிஷ் பெற்றோர் முன்னால் நிதானமாக வாசித்தார். பெரியவர்கள் மரியாதையாகத் தலை குனிந்துகொண்டார்கள். பிள்ளைகள் சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏதோ நல்லது சொல்லிவிட்டோம் என்று நினைத்துத் தானும் சிரித்தார்.

அந்தச் சின்னத்தை எடுக்கப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டு பேர்தான், அவருடைய மகனும் நானும். நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் மகன் காற்பந்து விளையாடப் போய்விட்டான். பிள்ளை வராமலேயே மாமி புதன்கிழமைகளில் வந்தார். கொக்கோ கோப்பைகளைக் கழுவினார். கோப்பு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வருவார்.

"பிள்ளை, கொப்பியில எத்தினை முடிச்சிட்டாய்?"

வீட்டில் எப்படிக் கும்பிடுவீர்கள் என்று எழுத வேண்டும் என்றது கொப்பி. எழுதினேன். ஒரு பாட்டு மனப்பாடமாக வேண்டும் என்றது. அம்மாவிடம் கேட்டு ஒரு தேவாரம் பாடமாக்கினேன். வேறு சமயத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு விடையை எழுத வேண்டும் என்றது. மாமியிடமே கேட்டேன்.

"செபம் பண்ணேக்க ஏன் கண்ணை மூடுறீங்கள்?"

"வெளியில பாத்தா செய்யாத வேலையெல்லாம் கண்ணுக்கு முன்னால வருது பிள்ளை. அதுதான்" என்றார். அதையே டெனிஷில் எழுதினேன்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. உன் சமயத்தின் வழிபாட்டிடம் ஒன்றுக்குப் போய், அங்கே பூசை செய்கிறவரிடம் கையெழுத்து வாங்கு. எஸ்பியர்க்கில் அப்போது சைவக் கோயில் ஏது? எங்கள் வீட்டில் உடுப்பு அலுமாரியின் மேல் தட்டுத்தான் கோயில்.

மாமி யார் யாரிடமோ விசாரித்து, ஒடென்சே நகரில் சில குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் ஒரு அடுக்குமாடியின் கீழறையில் பிள்ளையாருக்குப் பூசை வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அனுமதி கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். மழையில் சைக்கிளில் வந்ததால் முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. கோப்பு மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் நனையாமல் இருந்தது.

அப்பா கதிரை காட்டினார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"தங்கச்சி, நாங்கள் சைவம்," என்றார் அப்பா, முதல் வசனமாகவே.

"தெரியும் அண்ணை. அதுக்குத்தான் வந்தனான். பிள்ளை உங்கட சமயத்திலயே இந்த மேர்க்கவை எடுக்கலாம். ஒடென்சேயில ஒரு பூசை நடக்குது. நான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"வேதக்காரர் வந்து எங்களுக்குச் சைவம் படிப்பிக்கினமோ?"

"படிப்பிக்கிறேல்லை அண்ணை. கையெழுத்து வாங்க வேணும், அவ்வளவுதான்."

"இதுக்கு உங்களுக்குச் சம்பளமோ?"

"இல்லை."

"அப்ப ஏன் செய்யிறீங்கள்?"

மாமி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "தலைவி குடுத்த வேலை, செய்யிறன்" என்றார்.

அந்த நாட்களில் எங்கள் கட்டடத்தில் வீடு வீடாகக் கதவு தட்டிச் சபைக்கு வரச் சொல்லுகிறவர்கள் இருந்தார்கள் என்பது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சம்பளமில்லாமல் ஒருவர் மழையில் வருகிறார் என்றால் அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்பது அப்பாவின் முடிவு.

"பிள்ளை முடிச்சுப் போடப் பழகட்டும், நெருப்பு மூட்டப் பழகட்டும். சாமியை நாங்கள் பாக்கிறம்," என்று எழுந்துகொண்டார். மாமியும் எழும்பினார். தேத்தண்ணியில் பாதி மிச்சம்.

இரண்டு கிழமை கழித்து நான் மாமியிடம் அனுமதித் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தது.

"அப்பா ஓம் எண்டிட்டாரோ?"

"ஓம் மாமி."

அவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நான்காக மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

வீட்டில் நான் சொன்ன பொய் இன்னும் சுலபமானது. சனிக்கிழமை குழுவோடு காட்டுக்குப் போகிறோம், பின்னேரம் வந்துவிடுவேன் என்றேன். அம்மா கூடுதலாக ஒரு சோடி காலுறை எடுத்துத் தந்தார்.

அந்த ரயில் பயணம் எனக்கு ஒவ்வொரு நிமிடமும் ஞாபகம் இருக்கிறது. சாரணர் சட்டையும் கழுத்துத் துணியும் போட்டிருந்தேன். வயல்களில் பாதி பனி, பாதி சேறு. மாமி மடியில் ஒரு பெட்டியைத் திறந்து பாண் எடுத்துத் தந்தார். பட்டர் பூசி மேலே சீனி தூவியிருந்தது.

"கோயிலுக்குப் போறாய் எண்டு மீன், மச்சம் ஒண்டும் வைக்கேல்லை."

"உங்கட சபையில ஏசமாட்டினமோ மாமி?"

"கேட்டவை. ஏன் பிள்ளையார் கோயிலுக்குப் பிள்ளை கூட்டிக்கொண்டு போறாய் எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"என்ன சொல்லுறது. வாயை மூடிக்கொண்டு நிண்டனான்."

பாட்டை ஒருமுறை பாடிக் காட்டச் சொன்னார். சின்னக் குரலில் பாடினேன். இரண்டாவது வரியில் அவரும் சேர்ந்துகொண்டார். ஊரில் தான் படித்தது சைவப் பள்ளிக்கூடம், காலையில் எல்லாரும் பாட வேண்டும் என்றார். முன் இருக்கையில் இருந்த டெனிஷ் கிழவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். ரயில் பாலத்தில் ஏறியது. கீழே கடல் தகடு மாதிரிக் கிடந்தது. பாலத்தைத் தாண்டும்வரை பாடினோம்.

ஒடென்சேக் கீழறையில் பிங்-பொங் மேசை ஒன்றைச் சுவரோடு சேர்த்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அதன் மேல் பிள்ளையார் படம். கற்பூர மணத்தோடு பக்கத்து அறையிலிருந்து சலவைத்தூள் மணமும் வந்தது. பூசை செய்தவர் பகலில் தபால் தரம் பிரிக்கிறவராம். வேட்டிக்குள்ளே தடித்த கம்பளிக் காலுறை தெரிந்தது. இருபது பேர் இருந்திருப்பார்கள். மாமி எங்கள் இரண்டு பேரின் குளிர்ச்சட்டைகளையும் கையில் போட்டுக்கொண்டு கதவடியிலேயே நின்றார்.

"உள்ளுக்க வாங்கோவன்," என்றார் ஒரு அன்ரி.

"இல்லை, நான் இதில நிக்கிறன்."

பாடச் சொன்னார்கள். பாடினேன். அதற்கு முன் நான் நாலு பேருக்கு முன்னால் பாடியதில்லை. பாதியில் ஒரு அம்மா அழத் தொடங்கினார். நான் பயந்து நிறுத்தப் பார்த்தேன். கதவடியில் மாமியின் வாய் பாட்டின் வரிகளை அசைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தே மிச்சத்தைப் பாடி முடித்தேன். பூசை செய்தவர் திருநீறு பூசிவிட்டு, கொப்பியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். எந்த ஊர், யாருடைய மகள் என்று ஒரு மாமா கேட்டார். சொன்னேன்.

"அட, உன்ர அப்பாவும் நானும் ஒரே அகதி முகாமில இருந்தனாங்கள்!"

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மாமா வீட்டுக்குப் போனதும் அப்பாவுக்கு ரெலிபோன் எடுப்பார் என்று தோன்றவில்லை. எடுத்தார். குறை சொல்ல இல்லை, பாராட்ட. பிள்ளை என்னமாய்ப் பாடுது, கூட ஒரு மனுசி வந்திருந்தா என்று சொல்ல. மகள் பக்கத்துக் காட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு.

எஸ்பியர்க் ஸ்டேசனில் இறங்கியபோது மேடையில் அப்பா நின்றார். தலையில் தொப்பி இல்லை, சட்டைப் பொத்தான்கள் பூட்டப்படவில்லை. முதலில் என் தோளைப் பிடித்தார். அந்தக் கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். இரண்டு பிள்ளைகள் பெற்று, அவர்கள் பிந்தி வரும் நாட்களில் ஜன்னலடியில் நின்று பழகிய பிறகுதான் அது வேறு நடுக்கம் என்று தெரிந்தது.

"ஆரைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனீர்?"

வீட்டில் 'நீங்கள்' என்றவர் இப்போது 'நீர்' என்றார்.

மாமி கோப்பைத் திறந்தார். விரல் அந்தத் துண்டில் பட்டதை நான் கண்டேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கோப்பை மூடினார்.

"கேக்கேல்லை அண்ணை. பிழை என்னிலதான்."

"பிள்ளை பிடிக்கிற வேலையோ செய்யிறீர்? மேர்க்க எண்டும் கொப்பி எண்டும் சொல்லிச் சின்னப் பிள்ளையளை மாத்துற வேலையோ?"

"அப்பிடி இல்லை அண்ணை."

"இனி என்ர வாசலுக்கு வரக் கூடாது."

மேடையில் இருந்த டெனிஷ்காரர் விலகி நடந்தார்கள். நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நெற்றியில் திருநீறு இருந்தது. அதைக் காட்டியிருந்தாலே போதும். அப்பாவின் கைக்குள் தோளை ஒடுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றேன்.

அதன் பிறகு அப்பா தமிழ்க் கடையில் சொன்னார், பிறந்தநாள் வீடுகளில் சொன்னார், வேலையிடத்தில் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடையில் மாமியைக் கண்டால் ஆட்கள் கதையை நிறுத்தினார்கள். சில அம்மாமார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா அதை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். நடந்ததற்கு வருந்துகிறேன், மாமி தன் பிழை என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார், ஆனால் அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார் என்று நம்புகிறேன், விரும்பினால் அவரையும் கூட்டிக்கொண்டு வந்து உங்களோடு பேசுகிறேன் என்று எழுதியிருந்தது.

"என்னவாம்?"

"அந்த மாமியை நிப்பாட்டிட்டினமாம்," என்றேன். கடிதத்தைச் சமையலறைக் குப்பைக்குள் போட்டேன்.

சித்திரை விழாவுக்கு நான் போகவில்லை. சாரணர் குழுவுக்கும் பிறகு போகவில்லை. சட்டையை அம்மா தோய்த்து யாருக்கோ கொடுத்தார். கொப்பி மாமியின் கோப்போடு போனது. அந்தக் கோடையில் மாமியின் குடும்பம் தலைநகர்ப் பக்கம் இருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டுக்கு மாறிப் போனது. லொறியில் கதிரைகளை ஏற்றும்போது நான் அந்த வழியால் சைக்கிளில் போனேன். மாமி கையைத் தூக்கினார். நான் இறங்கிக் குனிந்து, கழலாத சங்கிலியைச் சரிசெய்வது போல நின்றேன்.

கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆகிறது. அவர் அந்த ஸ்டேசனில்தான் கையெழுத்தைக் கண்டுபிடித்தார், கண்டுபிடித்த அந்த நொடியில் என்னைக் காப்பாற்றத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு வாழ்வது சுகமில்லை. ஆனால் அதில் ஒரு அழகு இருந்தது, உண்மையைச் சொன்னால் அதைக் கொஞ்சம் விரும்பியும் இருந்தேன்.

போன ஐப்பசியில் அல்பர்ட்ஸ்லுண்டில் சின்னம்மாவின் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அதே வரிசை வீடுகளில் மாமி இருக்கிறார் என்று தெரிந்தது. மத்தியானம் தனியாக நடந்துபோய்க் கதவைத் தட்டினேன். எழுபது கடந்துவிட்டார். கூன் விழுந்திருந்தது. யாரென்று சொன்னேன்.

"அட, பாட்டுக்காரப் பிள்ளை!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

தேத்தண்ணி ஊற்றினார். பிள்ளைகளைப் பற்றி, முழங்காலைப் பற்றிக் கதைத்தோம். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"மாமி, அந்தக் கையெழுத்து அப்பான்ரை இல்லை. நான் வைச்சது."

"தெரியும்."

"ஸ்டேசனில பாத்தீங்கள் என்ன?"

"சீ. நீ தந்த அண்டைக்கே தெரியும். வெளிச்சத்தில பிடிச்சனான். பேனைக்குக் கீழ பென்சில் தெரிஞ்சது."

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"தெரிஞ்சுமோ கூட்டிக்கொண்டு போனீங்கள்?"

மாமி மேசை விரிப்பின் மூலையை மடித்தார், நீவினார், திரும்பவும் மடித்தார்.

"குழு ஒரு சின்னப் பத்திரிகை விடும், ஞாபகமோ? அதில என்ர பேரைப் போட்டிருந்தினம். பக்கத்தில 'பொறுப்பு' எண்டு. அதுக்கு முதல் இந்த நாட்டில என்ர பேர் போட்டு வந்த கடிதமெல்லாம் அகதிக் கடிதம்தான். அதை வெட்டி அலுமாரிக்கு உள்பக்கம் ஒட்டி வைச்சிருந்தன். சித்திரைக்கிடையில ஒரு பிள்ளையாவது எடுக்காட்டி இந்த வேலையை எடுத்துப்போடுவம் எண்டு தலைவி சொல்லிப்போட்டா. என்ர பெடியன் ஓடிட்டான். மிச்சம் நீ ஒராள்தான்."

"எனக்காக இல்லையோ மாமி?"

"உனக்காகவும்தான். ஆனா எனக்குத்தான் கூட. பொய் சொல்லக் கூடாது." அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. "உங்கட அப்பா கேட்டது ஞாயம். என்ர பிள்ளையை ஆரும் அப்பிடிக் கொண்டுபோயிருந்தா நான் அடிச்சிருப்பன். ஆனா மாத்துற வேலை எண்டு சொன்னாரே, அது மட்டும் பிழை பிள்ளை. அதை நான் நினைக்கவே இல்லை. அந்தச் சொல்லாலதான் அந்த ஊரில எங்களுக்கு இருக்க முடியாமல் போச்சு. என்ர மனுசனுக்கும் வேலையிடத்தில கதைக்க ஆளில்லை."

சின்னம் என்னவாயிற்று என்று கேட்டேன். தனக்குத் தெரியாது, கொப்பியோடு சேர்த்துத் தலைவியிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

நான் வைத்திருந்த அழகு அந்த மேசையிலேயே போய்விட்டது. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு மனுசி கிடைத்தார், ஆசைப்பட்டுப் பிழை செய்த ஒரு மனுசி. ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு அவரை முன்பைவிடப் பிடித்திருந்தது.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். எண்பத்துமூன்று வயது, காதில் கருவி. மகளைச் சபைக்காரரிடமிருந்து மீட்டுக்கொண்டு வந்த கதையை இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லுவார். நான் எழும்பிச் சமையலறைக்குப் போய்விடுவேன். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வந்த அன்றைக்கு அவர் முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, காட்டுக்குப் போவதாகச் சொன்னது, தலைவியின் கடிதத்தில் நான் சொல்லாமல் விட்ட வரிகள். மாமிக்கு முதலே தெரியும் என்பதையும் ஒளிக்கவில்லை.

அப்பா டீவியை நிறுத்தினார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்த மனுசி உன்னை ஒண்டுக்கும் கேக்கேல்லையோ? சபைக்கு வா எண்டு?"

"ஒருநாளும் இல்லை அப்பா. கோயிலுக்குப் போறன் எண்டு பாணில மச்சம் கூட வைக்கேல்லை."

அவர் முகத்தைத் துடைத்தார்.

"இந்த வயசில ஏன் எனக்கு இதைச் சொல்லுறாய்?" என்றார்.

அடுத்த நாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, கதவடியில் வந்து நின்றார்.

"நம்பர் இருக்கோ?"

ரெலிபோனை அழுத்திக் கொடுத்தேன். அவர் அதைக் காதுக் கருவிக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. மாமியின் குரல் வந்தது.

"தங்கச்சி, நான் எஸ்பியர்க்கில இருந்து. பாட்டுக்காரப் பிள்ளையின்ர அப்பா."

பிறகு அப்பா சொன்னார், ஒவ்வொரு சொல்லாக. இரவு முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததுபோல.

"நான் அண்டைக்கு உங்களைப் பற்றி ஊர் முழுக்கச் சொன்னனான். இப்ப எல்லாரிட்டயும் போய் அது பிழை எண்டு சொல்லேலாது. கன பேர் செத்துப் போச்சினம். அதால உங்களிட்டச் சொல்லுறன்."

மாமி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஓம்... ஓம் தங்கச்சி... ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பஸ் போய்விட்டது. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அவர் கதைத்து முடியும்வரை படியில் இருந்தேன்.